பள்ளிப் பண்பாட்டு விழா: கண்காட்சி, காணொளி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்பாட்டு விழாவுக்குத் தேதி குறித்ததும் வகுப்பறைகளில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: என்ன வைப்பது, எப்படிச் செய்வது, எல்லோருக்கும் எப்படி வேலை கொடுப்பது, எடுத்த காணொளியை யார் நின்று பார்ப்பார்கள்? மாணவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்களும் கேட்கும் அத்தகைய கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். மாணவர்கள் தாமே அளந்து, வெட்டி, ஒட்டி உருவாக்கியதாகவும், பார்வையாளர் தொட்டுப் பார்க்கவோ கண்டுபிடிக்கவோ ஏதேனும் ஒன்றை மிச்சம் வைத்திருப்பதாகவும் ஒரு காட்சி அமைய வேண்டும் என்பதே இந்த விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

கருப்பொருளை எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பை விட்டுவிட்டு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். 'தண்ணீர்', 'சுற்றுச்சூழல்', 'ஒற்றுமை' போன்ற தலைப்புகள் மிக அகலமானவை. அவற்றை எடுத்துக்கொண்ட வகுப்பு பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த படங்களை அட்டையில் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது. அதே தண்ணீரை, 'நம் பள்ளியில் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய் ஒரு நாளில் எவ்வளவு நீரை வீணாக்குகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே யாராவது ஒருவர் அளவுக் குவளையும் கடிகாரமுமாகக் குழாயடியில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் ஒரு நாளில் 86,400 துளிகளை, அதாவது 4 லிட்டருக்கும் சற்று அதிகமான நீரை இழக்கிறது. ஒரு வாரக் கணக்கைப் பழைய ஒரு லிட்டர் பாட்டில்களில் நிரப்பி வரிசையாக வைத்தால் 30 பாட்டில்கள் நிற்கும். அந்த வரிசையே காட்சியாகிவிடுகிறது. பக்கத்தில் அந்தக் குழாய் சொட்டும் ஒலியைப் பதிவுசெய்து மெல்ல ஒலிக்கவிட்டால், விளக்க அட்டைக்கு வேலை மிகவும் குறைந்துவிடும்.

பல யோசனைகள் வந்து வகுப்பு இரண்டுபட்டு நிற்கிறது. எதைத் தேர்வது?

வாக்கெடுப்புக்கு முன்னால், ஒவ்வொரு யோசனையையும் முன்வைத்தவர்கள் அதை ஒரு மேசை அளவு மாதிரியாகச் செய்துகாட்டட்டும். கையில் எடுத்துச் செய்யத் தொடங்கியதும் பாதி யோசனைகள் தாமாகவே விலகிக்கொள்ளும். மீதமுள்ளவற்றில் ஒன்றையொன்று தழுவக்கூடியவையும் தென்படும். இருக்கும் நாட்கள், வேலை செய்யும் கைகள், கிடைத்திருக்கும் அறை ஆகிய மூன்றுக்கும் அடங்குவது எது என்பதை அதன்பிறகு பேசித் தீர்மானிப்பது எளிது. பேச்சில் வல்லவர்களின் யோசனையே எப்போதும் வெல்வதையும் இந்த முறை தடுக்கிறது.

பார்வையாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடுகிறார்கள். அவர்களை எப்படி நிறுத்துவது?

அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்னும் அறிவியல் கூடம், பார்வையாளர் தம் கையால் இயக்கிப் பார்ப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே விளக்குநர்களாக அமர்த்தும் வழக்கம் உண்டு. பள்ளி விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கைவேலை பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கைப்பிடியைச் சுற்றுவது, இரண்டு ஒலிகளைக் கேட்டு வேறுபாட்டைச் சொல்வது, வரைபடத்தில் தாம் பிறந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்துவது போன்றவையே போதும். அந்தச் செயலின் விளைவு உடனே தெரிய வேண்டும் என்பதும், அது அடுத்து வருபவர் பார்க்கும்படி எங்காவது பதிய வேண்டும் என்பதும் முக்கியம். காலையில் வெறுமையாக இருந்த வரைபடம் மாலையில் குண்டூசிகளால் நிறைந்திருக்கும்போது, கண்காட்சியைப் பார்வையாளர்களும் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள்.

விளக்கம் சொல்ல நிற்கும் மாணவரும் 'இது என்னவென்றால்' என்று ஒப்பிக்கத் தொடங்காமல், 'இதைச் சுற்றிப் பாருங்கள், என்ன தெரிகிறது?' என்று கேட்கப் பழக வேண்டும்.

வகுப்பில் எல்லோருக்கும் பங்கு இருக்க வேண்டும். செலவும் குறைவாக இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

சிறு கட்டங்களால் ஆன பெரிய சுவர்ப்படம் இந்த இரண்டு தேவைகளுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. வரையத் தெரியாதவரும் கட்டத்துக்கு உரிய நிறத்தை ஒட்டிவிடலாம். தனியாகப் பார்த்தால் எதுவும் புரியாத தாள்கள் சுவரில் ஏறியதும் முகமாகவோ மரமாகவோ மாறுகின்றன.

கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஏ4 தாளின் ஓரத்தை நறுக்கி 20 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம் ஆக்கினால், 2 செ.மீ. பக்கமுள்ள கட்டங்கள் 140 கிடைக்கும். குறுக்கே 20 தாள்களும் நெடுக்கே 10 தாள்களும் வைத்தால் 4 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் உயரமும் கொண்ட படம் வரும். மொத்தம் 200 தாள்கள், 28,000 கட்டங்கள். வகுப்பில் 40 பேர் இருந்தால் ஒருவருக்கு ஐந்து தாள்கள், 700 கட்டங்கள். இது குறைந்த வேலை இல்லை. நாட்கள் போதவில்லை என்றால் படத்தைச் சுருக்குவதைவிடக் கட்டத்தை 4 செ.மீ. ஆக்குவது நல்லது, கட்டங்களின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகிவிடும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் படமும் தெளிவாகவே இருக்கும்.

மூலப்படத்தைத் தேர்வதில் கவனம் தேவை. ஒளியும் நிழலும் கூர்மையாகப் பிரிந்த, பின்னணி எளிமையான ஒரே உருவம் உள்ள படமே இதற்குப் பொருந்தும். கூட்டமாக நிற்கும் குழுப்படம் கட்டங்களாக உடைந்ததும் புள்ளிக்குவியலாகிவிடும். நிறங்களை ஐந்து அல்லது ஆறு சாயல்களாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் வரிசை எண்ணும் 'மேல்' என்ற குறியும் இருக்க வேண்டும். இந்தக் குறி இல்லாத தாள்கள் தலைகீழாக ஒட்டப்பட்டு, கடைசி இரவில் ஏணியில் ஏறிப் பிய்த்து ஒட்டவேண்டிய நிலை வரும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள வகை ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம்; 200 தாள்களுடன் ஒட்டிய வண்ணத்தாளும் பசையும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். ஆகவே ஒட்டுநாடாவை மட்டும் நம்பாமல், தாள்களைத் துணியிலோ கெட்டி அட்டையிலோ ஒட்டி மேலே கம்பு கொடுத்துத் தொங்கவிடுங்கள்.

அறை கிடைக்கவில்லை. நடைவழியிலும் படிக்கட்டிலும் எதாவது செய்ய முடியுமா?

படிக்கட்டு ஓவியம் செய்யலாம். ஒவ்வொரு படியின் செங்குத்து முகத்திலும் படத்தின் ஒரு பட்டை ஒட்டப்படும். கீழே குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்பவருக்குப் பட்டைகள் இணைந்து முழுப்படமாகத் தெரியும். படியின் உயரம் 16 செ.மீ. என்றால், 12 படிகளில் 192 செ.மீ. உயரமான படம் கிடைக்கும். படம் இணைந்து தெரியும் இடத்தில் ப்ரொஜெக்டரை வைத்து, படத்தைப் படிகளின் மீது விழச்செய்து, விளிம்புகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் கோணக் கணக்கே தேவைப்படாது. அந்த இடத்தில் தரையில் இரண்டு பாதங்களை வரைந்து வையுங்கள். சொல்லாமலே அங்கே வந்து நிற்பார்கள். கால் வைக்கும் பரப்பில் தாளையோ பிளாஸ்டிக்கையோ ஒருபோதும் ஒட்டக்கூடாது. வழுக்கும்.

இருட்டறை அமைக்க விரும்புகிறோம். ஆனால் பேய்வீடு வேண்டாம் என்று பள்ளி சொல்லிவிட்டது.

இருட்டைக் கொண்டு செய்யக்கூடியவற்றில் மிக அழகானது, ஒரு வகுப்பறையையே ஊசித்துளைக் கேமராவாக மாற்றுவதுதான் என்பது என் கருத்து. வெயில் படும் காட்சி வெளியே தெரியும் அறையைத் தேர்ந்து, சன்னல்களைக் கறுப்பு அட்டையால் ஒளி கசியாமல் மூடி, ஓர் அட்டையில் மட்டும் 2 செ.மீ. வட்டத் துளை இடுங்கள். எதிரே வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால், வெளியே உள்ள மரமும் கட்டடமும் நடந்து செல்பவர்களும் வண்ணத்தோடும் அசைவோடும் தலைகீழாக அதில் விழுவார்கள். ஒளி நேர்கோட்டில் செல்வதால் மேலிருந்து வரும் கதிர் துளை வழியே கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் போகின்றன. இடமும் வலமும் அவ்வாறே மாறுகின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் இபுனு அல்-ஹைதம் ஒளியியல் குறித்து எழுதியபோது ஆராய்ந்த அதே நிகழ்வு இது.

துளையின் மேல் பொருத்தும்படி 1 செ.மீ., 5 மி.மீ. துளைகள் இட்ட அட்டைகளையும் செய்து வையுங்கள். துளை சிறுத்தால் படம் கூர்மையாகும், ஆனால் மங்கும்; பெருத்தால் பளிச்சிடும், ஆனால் கலங்கும். இதைப் பார்வையாளரே மாற்றிப் பார்க்கட்டும். ஒருவரை வெளியே அனுப்பித் துளைக்கு நேராகக் குதிக்கச் சொன்னால், உள்ளே இருப்பவர்களுக்கு அவர் மேலிருந்து தொங்கியபடி ஆடுவது போலத் தெரியும். சிறு பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். கண்கள் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், நுழைந்தவுடன் 'ஒன்றும் தெரியவில்லை' என்று திரும்புபவர்களை அன்போடு நிறுத்திவையுங்கள். வானம் மூடியிருந்தால் படம் மிக மங்கிவிடும். அதற்கு மாற்றாக ஒரு காலணிப் பெட்டியில் துளையிட்டு, எதிரே பளிச்சென்ற விளக்கை வைத்த சிறு வடிவம் ஒன்று தயாராக இருக்கட்டும்.

மாயத்தோற்றம் போன்ற காட்சி வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய ஆவித்தோற்றத்தின் அடிப்படை மிக எளிமையானது. பார்வையாளருக்கும் மேடைக்கும் நடுவே சாய்வாக நிறுத்திய கண்ணாடியில், மறைவிடத்தில் ஒளியூட்டப்பட்ட நடிகரின் பிரதிபலிப்பு தெரியும். கண்ணாடி கண்ணுக்குப் படாது. பள்ளியில் இதை ஒரு பெட்டிக்குள் செய்யுங்கள். உட்புறம் முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டிய பெட்டியில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டை 45 பாகை சாய்வில் பொருத்தி, மேற்கூரையில் கைபேசித் திரை கீழ்நோக்கி இருக்குமாறு வைத்தால், திரையில் ஓடும் உருவம் பெட்டியின் நடுவில் மிதப்பது போலத் தோன்றும். காணொளியின் பின்னணி முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். பிரதிபலிப்பில் எழுத்து திரும்பித் தெரியும் என்பதால், காணொளியை முன்கூட்டியே கண்ணாடித் திருப்பம் செய்துவிடுங்கள். உண்மைக் கண்ணாடியைத் தவிர்ப்பதே நல்லது.

கண்காட்சியையும் காணொளியையும் ஒன்றாக இணைக்க ஒரு கருப்பொருள் சொல்ல முடியுமா?

'படங்கள் எப்படி அசையத் தொடங்கின?' என்னும் கேள்வி இரண்டையும் இயல்பாக இணைக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாட்டோ 1832-இல் உருவாக்கிய சுழல்வட்டு, 1834-இல் வில்லியம் ஹார்னர் அமைத்த சுழல்உருளை, 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால் எடுத்த ஓடும் குதிரைப் படங்கள், 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் பொதுமக்களுக்குக் கட்டணம் பெற்றுக் காட்டிய திரைக்காட்சி என்று நான்கு மேசைகள் போடலாம். கடைசி மேசையில் மாணவர்கள் எடுத்த காணொளி ஓடட்டும்.

இவற்றில் சுழல்உருளையை அட்டையாலேயே செய்துவிடலாம். வெளிப்புறம் கறுப்பாக இருக்கும் உருளையின் மேல்பாதியில் சம இடைவெளியில் 12 நெடுக்குப் பிளவுகளை வெட்டி, உட்புறம் கீழ்ப்பாதியில் 12 படங்கள் வரைந்த தாள்பட்டையைச் சுற்றி வைத்து, அடியில் ஒரு சுழலும் தாங்கியைப் பொருத்துங்கள். பிளவுகளின் வழியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு படமும் ஒரு கணம் மட்டுமே கண்ணில் படுவதால் அசைவு தெரிகிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் வெறும் கலங்கல்தான். பிளவுகள் 12 இருக்கும்போது படங்களை 11 அல்லது 13 ஆக வரைந்து வைத்தால், உருவங்கள் அசைவதோடு ஒரு திசையில் மெல்ல நகர்ந்தும் போகும். இந்த மூன்று பட்டைகளையும் அருகருகே வைத்து, 'எது ஏன் நகர்கிறது?' என்று மட்டும் எழுதிவிடுங்கள். வெற்றுப் பட்டைகளும் பென்சில்களும் மேசையில் இருந்தால், பார்வையாளர்களே வரைந்து சுழற்றிப் பார்ப்பார்கள்.

காணொளி எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

நடந்துகொண்டே பார்க்கும் இடத்தில் ஓடும் காணொளி இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்து மீண்டும் தொடங்க வேண்டும். நடுவில் வந்தவருக்கும் புரிய வேண்டும். ஒலி இல்லாமலும் பொருள் விளங்க வேண்டும், ஏனென்றால் விழாக் கூச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. அரங்கில் அமர்ந்து பார்ப்பதற்கு ஐந்து முதல் எட்டு நிமிடங்கள் வரை செல்லலாம். அதற்கு மேல் நீளும் படங்களில் பெரும்பாலும் வெட்ட மனம் வராத காட்சிகளே மிகுந்திருக்கின்றன.

கதை எழுதி நடிக்க எங்களுக்கு வரவில்லை. வேறு என்ன காணொளி எடுக்கலாம்?

கதையும் நடிப்பும் இல்லாமலே நல்ல காணொளி எடுக்க முடியும். விதை முளைப்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்தால் நாளொன்றுக்கு 288 படங்கள். நொடிக்கு 24 படங்களாக ஓட்டினால் ஒரு நாள் 12 நொடிகளில் கடந்துபோகும், ஒரு வாரம் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கும். கைபேசியின் மெதுவசைவில் நொடிக்கு 240 படங்கள் எடுத்து 30 படங்களாக ஓட்டினால் அசைவு எட்டு மடங்கு மெதுவாகும். நீர்நிறைந்த பலூன் உடையும்போது தோல் விலகிய பிறகும் நீர் ஒரு கணம் அதே உருவில் நிற்பதை இதில் காணலாம். பள்ளிக் காவலர் காலையில் முதல் பூட்டைத் திறப்பதிலிருந்து மாலையில் கடைசி விளக்கை அணைப்பது வரை, முகங்களைக் காட்டாமல் கைகளை மட்டுமே படம்பிடித்து ஒரு நாளைச் சொல்வது இன்னொரு வழி. சுண்ணக்கட்டி பிடிக்கும் கை, மணியடிக்கும் கை, பந்தைப் பிடிக்கும் கை என்று தொடுக்கும்போது எல்லோருக்கும் அதில் இடம் கிடைக்கிறது.

முழுக் காட்சியையும் பின்னோக்கி ஓட்டுவதும் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். கிழிந்த தாள்கள் பறந்துவந்து ஒன்றுசேர்வது போன்ற எளிய செயல்களிலிருந்து தொடங்குங்கள்.

பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்க்கும் ஸ்டாப் மோஷன் காணொளி துடித்துத் துடித்துத் தெரிகிறது. காரணம் என்ன?

பெரும்பாலும் ஒளிதான் காரணம். கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் தானாக வெளிச்ச அளவை மாற்றிக்கொள்கிறது; ஆகவே ஒளியளவு, குவியம் (ஃபோகஸ்), நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்மைச் சமநிலை ஆகிய மூன்றையும் பூட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். சன்னலை மூடி விளக்கொளியில் மட்டும் எடுங்கள், ஏனெனில் மேகம் கடக்கும்போதெல்லாம் படம் இருண்டு தெளியும். படமெடுப்பவர் வெளிர்நிறச் சட்டை அணிந்திருந்தால் அவர் நகரும்போது அதன் ஒளி மேசையில் பட்டுத் தெறிக்கும். கறுப்புச் சட்டை நல்லது.

நொடிக்கு 12 படங்கள் என்பது தொடக்கநிலையினருக்குப் போதுமான வேகம். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள். பொருளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகர்த்தினால் அசைவு இயந்திரத்தனமாக இருக்கும். கிளம்பும்போது 2 மி.மீ., பிறகு 5, பிறகு 10, நிற்கப்போகும்போது மீண்டும் 5, 2 என்று நகர்த்திப் பாருங்கள். வெட்டிய தாள் உருவத்துக்குக்கூட எடை வந்துவிடும். களிமண் பொம்மை கவிழும், விரல்தடம் பதியும். முதல் முயற்சிக்கு மேசையில் படுக்கவைத்த தாள் உருவங்களும் மேலிருந்து கீழ்நோக்கும் கைபேசியுமே ஏற்றவை.

தொடர்வினை இயந்திரம் கட்டினோம். ஒருமுறைகூட கடைசிவரை ஓடவில்லை.

ஒரு எளிய வேலையை வேண்டுமென்றே சுற்றிவளைத்துச் செய்யும் இயந்திரங்களை வரைந்து புகழ்பெற்றவர் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரூப் கோல்ட்பர்க். வரைவது எளிது, ஓடவைப்பது கடினம் என்பதற்குக் கணக்கே சாட்சி. ஒவ்வொரு கட்டமும் நூற்றுக்கு 95 முறை சரியாக இயங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 20 கட்டங்கள் கொண்ட இயந்திரம் முழுவதும் ஓடி முடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 36 மட்டுமே. ஒவ்வொன்றையும் 99-க்கு உயர்த்தினால் அது 82 ஆகிறது. ஆகவே புதிய கட்டங்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, இருப்பவற்றைத் தனித்தனியே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடிக்கடி தவறும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். இந்தக் கணக்கையே எழுதி இயந்திரத்தின் அருகில் வைத்தால், தோல்வியும் காட்சியின் ஒரு பகுதியாகிவிடும்.

ஒன்றையொன்று தள்ளிச் சாயும் கட்டைகளைப் (டோமினோ) பயன்படுத்துவோருக்கு ஒரு தகவல்: ஒரு கட்டை தன்னைப்போல் ஒன்றரை மடங்கு பெரிய கட்டையையும் சாய்க்கக்கூடும் என்று இயற்பியலாளர் லோர்ன் வைட்ஹெட் 1983-இல் விளக்கினார். 3 செ.மீ. உயரத்தில் தொடங்கி ஒவ்வொன்றையும் ஒன்றரை மடங்காக்கினால், பத்தாவது கட்டை 115 செ.மீ. உயரமாக இருக்கும். விரல்நுனியால் தொட்ட ஒரு சிறு துண்டு, ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான பலகையைச் சாய்ப்பதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தைக் காணவேனும் இதைச் செய்யலாம். பலகையைக் கனமற்ற அட்டைப் பெட்டியாகச் செய்து, விழும் இடத்தில் யாரும் நிற்காதபடி கயிறு கட்டுங்கள்.

பேச்சு தெளிவாகப் பதிவாகவில்லை. விலையுயர்ந்த மைக் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பேசுபவரின் அருகில் இன்னொரு கைபேசியை மறைத்துவைத்து அதில் ஒலியை மட்டும் பதிவுசெய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், படத்தொகுப்பின்போது கைகள் சேரும் படத்தையும் தட்டும் ஒலியையும் பொருத்திவிடலாம். வெறும் சுவர்கள் எதிரொலிக்கும் வகுப்பறையைவிடத் திரைச்சீலையும் புத்தகங்களும் நிறைந்த நூலகம் நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள்.

பிடித்த பாடலைப் பின்னணியில் சேர்க்கலாமா?

உரிமையுள்ள பாடலை அனுமதியின்றிச் சேர்ப்பதைத் தவிர்க்கவே சொல்வேன். விழாவுக்குப் பிறகு காணொளியை இணையத்தில் ஏற்றினால் சிக்கல் வரும். பழைய இசையாக இருந்தால் உரிமை இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இசையமைப்புக்கு உரிமைக்காலம் முடிந்திருந்தாலும், அதை அண்மையில் யாரோ வாசித்துப் பதிவுசெய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு. பிறர் பயன்படுத்தப் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான இசையை அதன் நிபந்தனைகளைப் படித்துப் பயன்படுத்தி, படைத்தவர் பெயரை முடிவில் காட்டலாம். வகுப்பில் வாத்தியம் வாசிப்பவர் ஒருவராவது இருப்பார். மேசையைத் தட்டும் தாளமும் பேனா மூடியின் சொடுக்கும் சேர்ந்தாலே சில காணொளிகளுக்கு அவற்றைவிடப் பொருத்தமான இசை தேவையில்லை.

மூத்தவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்து காட்சியாக்க விரும்புகிறோம். எப்படிக் கேட்பது?

'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: அவருடைய பள்ளிக்காலப் புகைப்படம், பழைய பேனா, ஒரு கடிதம். 'இதை எங்கே வைத்திருந்தீர்கள்? யார் வாங்கித் தந்தார்கள்?' என்பன போன்ற சிறு கேள்விகள் பெரிய நினைவுகளைத் திறக்கும். அவர் பேசி நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சில நொடிகள் காத்திருங்கள். மிகச் சிறந்த வாக்கியம் பெரும்பாலும் அந்த அமைதிக்குப் பிறகுதான் வருகிறது. கண்காட்சியில் அந்தப் பொருளையும், அதன் அருகில் காதில் வைத்துக் கேட்கும்படி ஒரு ஒலிப்பதிவையும் வையுங்கள். பதிவை எங்கெங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முன்பே சொல்லி அனுமதி பெறுவதும், தொகுத்ததை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுவதும் நாம் அவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

விளக்க அட்டைகளை எப்படி எழுதுவது?

ஓர் அட்டைக்கு 50 சொற்கள் போதும். முதல் வரி பார்வையாளர் கண்முன் காண்பதைப் பற்றி இருக்கட்டும். வரலாறும் காரணமும் பிறகு வரலாம். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டிய தலைப்பின் எழுத்து ஏறத்தாழ 2.5 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். பெரியவர்களின் கண்மட்டத்துக்கு ஏற்ப மட்டும் மாட்டினால் சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் படிக்க முடியாது; சற்றுத் தாழ்த்தி, மேற்புறம் சாய்த்து வைப்பது எல்லோருக்கும் உதவும்.

பாதுகாப்புக்காக எவற்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்?

வெளியேறும் வழியை எந்தப் பொருளும் மறைக்கக்கூடாது. காகிதமும் துணியும் சூடாகும் விளக்குகளிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஒரு நீட்சிப் பலகையில் இன்னொன்றைச் செருகக்கூடாது. தரையில் செல்லும் மின்கம்பிகளை அகலமான நாடாவால் ஒட்டிவிட வேண்டும். இருட்டறைக்குள் எப்போதும் கைவிளக்கோடு ஒரு மாணவர் நிற்க வேண்டும்.

காணொளி எடுப்பவர்கள் மறந்துவிடும் ஓர் ஆபத்து உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் சிவப்பும் நீலமும் விரைவாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்ட சிறுவர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு இது தீங்கானது. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் திரை மின்னும்படி எதையும் அமைக்காதீர்கள். அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு மின்னலாம் என்றும் எண்ண வேண்டாம்.

விழா நாளில் காணொளி ஓடாமல் போனால்?

முந்தைய நாளே அதே கணினியில், அதே திரையில், அதே ஒலிபெருக்கியோடு முழுவதும் ஓட்டிப் பாருங்கள். எம்பி4 வடிவில் இரண்டு பென்டிரைவ்களிலும் கணினியின் உள்ளேயும் நகல் வையுங்கள். இணைய இணைப்பை நம்ப வேண்டாம். ஃபேட்32 என்னும் கோப்புச் சேமிப்பு முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்ற முடியாது என்பது கடைசி நேரத்தில் பலரையும் திகைக்கவைக்கிறது. பகலில் வெளிச்சமான அறையில் ப்ரொஜெக்டர் படம் வெளிறிப்போகும் என்பதால், இருண்ட காட்சிகள் மிகுந்த காணொளிக்கு அறையை மறைப்பதா, பெரிய தொலைக்காட்சியைக் கொண்டுவருவதா என்று முன்பே முடிவுசெய்யுங்கள்.

எத்தனை நாட்களுக்கு முன் தொடங்க வேண்டும்?

ஆறு வாரங்கள் இருந்தால் பதற்றமில்லாமல் செய்யலாம். முதல் வாரம் கேள்வியும் மாதிரியும், அடுத்த மூன்று வாரங்கள் தயாரிப்பு, ஐந்தாம் வாரத்தில் இன்னொரு வகுப்பு மாணவர்களை அழைத்து வந்து வெள்ளோட்டம் விடுவது, கடைசி வாரம் திருத்தம். வெள்ளோட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அப்போது மாணவர்கள் விளக்கம் எதுவும் சொல்லாமல் ஓரமாக நின்று, வந்தவர்கள் எதைத் தொடுகிறார்கள், எங்கே குழம்புகிறார்கள், எதைக் கவனிக்காமல் கடக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

விழா முடிந்த பிறகு இவற்றையெல்லாம் என்ன செய்வது?

சுவர்ப்படத்தின் தாள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒட்டியவரிடமே திருப்பிக் கொடுங்கள். முழுப்படத்தின் புகைப்படம் ஒன்றின் பின்புறத்தில் அவருடைய தாள் எந்த வரிசையில் எத்தனையாவதாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. காணொளியின் இறுதிப் பிரதியோடு, இசை உரிமங்களையும் படத்தில் தோன்றியவர்கள் தந்த அனுமதிகளையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். அடுத்த ஆண்டு வகுப்புக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றையும் எழுதிவிடுங்கள்: எந்தப் பசை சுவரில் நிற்கவில்லை, எத்தனை தாள்கள் வீணாயின, கூட்டம் எந்த நேரத்தில் மிகுந்தது, எந்த மேசையில் வரிசை நின்றது.